உறிஞ்சித் துப்பும் உத்தியோகம்

விஸ்கிப் பிரியர்கள் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். மூக்கை நுழைத்து மோந்துவிட்டு, சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோப்பார்கள். புகை வாசம், உலர்பழ வாசம் என்று அடுக்குவார்கள். பக்கத்தில் இருக்கும் புதியவருக்கு ஒன்றும் பிடிபடாது, கேட்கவும் கூச்சம். அந்த வித்தையை டாஸ்மாக் பக்கமே போகாமல் பழக நீலகிரியில் வழி இருக்கிறது. குன்னூரில் இதையே பட்டப்பகலில், சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் ருசி பார்ப்பது தேயிலையை.

குன்னூர் தேயிலை ஏலம் 1963-இல் தொடங்கியது. இன்று ஏலம் கேட்பது கணினியில்தான் என்றாலும், வாங்குமுன் சாம்பிளை ஒரு மனித நாக்கு பார்த்தாக வேண்டும். டேஸ்டிங் அறையில் நீள மேஜை, அதன்மேல் வரிசையாகத் தூள், மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் கோப்பை, கைப்பிடி இல்லாத கிண்ணம். டேஸ்டர் கரண்டியில் எடுத்து ஊருக்கே கேட்கும்படி உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்கள் கடந்துபோகும். வீட்டில் இப்படிக் குடித்தால் முதுகில் ஒன்று விழும்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் உண்டு. வாய்க்குத் தெரிவது கசப்பு, துவர்ப்பு போன்ற சிலதான். மிச்சமெல்லாம் மூக்கின் வேலை. வேகமாக உறிஞ்சும்போது திரவம் நுண்துளிகளாகச் சிதறி, அதன் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. விஸ்கியை வாய்க்குள் உருட்டுவதும் இதற்காகவே.

சோதனைக்கென்று சர்வதேச அளவும் இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். இதே முறையில் டீ போடுவதற்கு ஆறு பக்கத் தர விதி எழுதியதற்காக, பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனத்துக்கு 1999-இல் இலக்கியப் பிரிவில் கிண்டல் பரிசான ‘இக் நோபல்’ கிடைத்தது. சிரித்துவிட்டு விதியைப் பாருங்கள்: அளவும் நேரமும் மாறாமல் இருந்தால்தானே இரண்டு டீயை ஒப்பிட முடியும்?

டேஸ்டர் தேடுவது முதலில் குறையை. புகை வாடை அடித்தால் உலர்த்தும் அடுப்பில் கசிவு. பச்சை வாடை என்றால் இலை போதுமான அளவு காற்றில் பதப்படவில்லை. பிறகுதான் நிறம், கனம், ‘பிரிஸ்க்’ என்று அவர்கள் சொல்லும் சுறுசுறுப்பு. ஏலத்தின் சராசரி விலையை வைத்தே தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்கு மாதாமாதம் விலை அறிவிக்கிறது. ஆகவே இந்த மிடறு கோத்தகிரியிலும் குந்தாவிலும் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் வரவு செலவையும் தொடுகிறது. விஸ்கி மேஜையில் யார் என்ன சொன்னாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

குன்னூர் ஏலத்துக்கு வருவதில் பெரும்பங்கு சி.டி.சி. தூள். 1930-இல் அஸ்ஸாமில் பிறந்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிறது. பாலுக்குத் தாங்கும் கடுமை இந்தத் தூளில் உண்டு. நீலகிரியின் உண்மையான மணம் இலையை முறுக்கிச் செய்யும் ஆர்த்தடாக்ஸில்தான் இருக்கிறது. 2008-இல் புவிசார் குறியீடு பெற்றதும் அதுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி இரவுகளில் கொழுந்து மெல்ல வளரும். அப்போது பறிக்கும் ‘ஃப்ராஸ்ட் டீ’யில் பூமணம் தூக்கலாக இருக்கும். நல்ல இலையில் பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, ஊட்டிக்கு வருகிறவர்களுக்கு சாக்லேட் டீயும் ஏலக்காய் டீயும் விற்கிறோம். வாசனை சேர்த்த டீயில் இலையின் குணம் எங்கே தெரியும்?

அடுத்த முறை மலையேறினால் வர்க்கியோடு 100 கிராம் ஆர்த்தடாக்ஸும் கேட்டு வாங்குங்கள், எந்த எஸ்டேட், எந்த மாதத்துப் பறிப்பு என்றும் விசாரியுங்கள். வீட்டுக்கு வந்து, வழக்கமாக வாங்கும் தூளையும் பக்கத்தில் வைத்து, ஒரே அளவில், ஒரே நேரத்தில் இறக்குங்கள். தனியாகக் குடித்தால் எல்லா டீயும் டீதான். ஜோடியாக வைத்தால்தான் வித்தியாசம் பேசும். சர்க்கரை வேண்டாம். பால் ஊற்றுவதற்கு முன் ஒரு வாய், சத்தமாகவே உறிஞ்சிப் பாருங்கள்.