பட்டம் இளவரசருக்கு, வேட்டு பிரதமருக்கு!

கொடுத்தது ஒரு "சர்" பட்டம். ஆட்டம் கண்டது பிரதமர் நாற்காலி! 2015-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த கூத்து இது.

பட்டம் வாங்கியவர் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் கணவர் பிலிப். கொடுக்கச் சொன்னவர் அப்போதைய பிரதமர் டோனி அபாட்.

பட்டத்துக்குப் பஞ்சமா?

பிலிப்புக்குப் பட்டம் ஒன்றும் புதுசு அல்ல. கிரீஸ், டென்மார்க் அரச வம்சத்தில் பிறந்தவர். 1947-ல் கல்யாணத்துக்கு முதல் நாளே மாமனார் ஆறாம் ஜார்ஜ் மன்னர் "கார்ட்டர்" விருது கொடுத்தார். டென்மார்க்கின் "யானை" விருது, கிரீசின் "மீட்பர்" விருது எல்லாம் அவரிடம் இருந்தன. ஆஸ்திரேலியாவும் 1988-ல் ஒரு உயர்ந்த விருதைக் கொடுத்துவிட்டது.

"சர்" பட்டமே வேண்டாம் என்று 1986-ல் ஆஸ்திரேலியா அதை ஒழித்தது. 2014 மார்ச்சில் அபாட் அதை மறுபடி கொண்டுவந்தார்.

மந்திரிகளுக்கே தெரியாது

ஜனவரி 26, ஆஸ்திரேலிய தினம். நாட்டுக்கு உழைத்த உள்ளூர்க்காரர்களுக்கு மரியாதை செய்யும் நாள். அன்றைக்குப் பார்த்து பிலிப்புக்கு "சர்" பட்டம் என்று அறிவிப்பு வந்தது. மந்திரிசபையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. அப்போது ஆஸ்திரேலியாவுக்கும் எலிசபெத்தான் ராணி. பிரதமர் சிபாரிசு செய்ய, புருஷன் பட்டத்துக்குச் சம்மதம் தந்தவர் பெண்சாதி!

"இவருக்கு எதுக்கு இன்னொரு பட்டம்?" என்று ஜனங்கள் சிரித்தார்கள். சொந்தக் கட்சிக்காரர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். "இனி விருது விஷயத்தில் தலையிட மாட்டேன்" என்று அபாட் இறங்கி வந்தார். ஆனாலும் புகைச்சல் அடங்கவில்லை.

39 ஓட்டு

பிப்ரவரி 9-ந் தேதி லிபரல் கட்சிக்குள் ஓட்டெடுப்பு. எதிர்த்து நிற்க ஆளே அறிவிக்காத நிலையிலும், தலைமைப் பதவியைக் காலி செய்யவேண்டும் என்று 39 பேர் ஓட்டுப் போட்டார்கள். 61 பேர் காப்பாற்றினார்கள்.

செப்டம்பர் 14-ல் அதுவும் நடக்கவில்லை. மால்கம் டர்ன்புல்லுக்கு 54, அபாட்டுக்கு 44. நாற்காலி போச்சு!

பட்டம் ஒன்றே காரணம் அல்ல. 2014 பட்ஜெட் வெட்டுகளால் ஏற்கனவே கெட்ட பேர். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது இந்தப் பட்டம்.

நவம்பரில் டர்ன்புல் "சர்" பட்டத்துக்கு மறுபடி மூடுவிழா நடத்தினார். ஏற்கனவே கொடுத்ததைத் திருப்பி வாங்கவில்லை.

பிலிப் 2021 ஏப்ரல் 9-ந் தேதி 99 வயதில் காலமானார். வின்ட்சர் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் பல நாட்டுப் பதக்கங்கள் மெத்தைகளில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அபாட்டோ அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2019 தேர்தலில் எம்.பி. பதவியையும் பறிகொடுத்துவிட்டார்.