பட்டப்பெயரும் சொந்தப்பெயரும்

எங்கள் ஊரில் தபால்காரருக்கு வீட்டிலக்கம் தேவையில்லை. உறையில் "சீனிக்கடை வீடு" என்று எழுதினாலே கடிதம் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். கடை மூடி நெடுநாளாகிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கணினி உலகிலும் இப்படிப் பட்டப்பெயர்கள் உண்டு என்பதைக் கடந்த தவணை விடுமுறையில்தான் அறிந்துகொண்டேன்.

என் நானா ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். அன்றிரவு வீட்டிலிருந்தே வேலை. விடிவதற்குள் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் சம்பள விவரங்கள் வங்கிக்குப் போயாக வேண்டும். அவை போகவில்லை. தேத்தண்ணி கொண்டுபோன நான் அப்படியே பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன்.

முதலில் அடிப்படையைச் சொல்கிறேன். செய்தி அனுப்பும் நிரலும் பெறும் நிரலும் எப்போதும் ஒரே நேரத்தில் இயங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒன்று தன் செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிடும். மற்றது தன் நேரத்தில் எடுத்துக்கொள்ளும். 1993இல் ஐ.பி.எம். நிறுவனம் எம்.கியூ. சீரீஸ் என்று அறிமுகப்படுத்திய மென்பொருள் இன்று எம்.கியூ. என்ற பெயரில் இந்த வேலையைச் செய்கிறது. அதில் "எலியாஸ் வரிசை" என்பது வெறும் பட்டப்பெயர். அதற்குள் செய்தி தங்காது. அது சுட்டும் உண்மையான வரிசையிலேயே சேரும். நாளை உண்மையான வரிசை மாறினாலும் நிரலைத் தொடத் தேவையில்லை. பட்டப்பெயர் சுட்டும் இடத்தை மாற்றினால் போதும்.

நானா தன் நிர்வாகக் கணக்கில் பரீட்சித்தபோது திரையில் 2082 என்ற இலக்கம் வந்தது.

"2085 வந்தா, திறக்கப் போன பேரே இல்லை எண்டு அர்த்தம். 2082 எண்டா பட்டப்பெயர் இருக்கு, அது காட்டுற வீடுதான் இல்லை" என்றார்.

"அந்த வீட்ட நீங்க கட்டினீங்கதானே நானா?"

இரண்டு பெயர்களையும் திரையில் எடுத்துக் காட்டினார். உண்மையான வரிசையின் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருந்தது. எலியாஸ் சுட்டிய பெயரோ பெரிய எழுத்துகளில் இருந்தது. "ரெண்டும் ஒண்டில்லையே!" என்றேன். நானா நெற்றியில் கை வைத்தார்.

எம்.கியூ.வுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கட்டளையில் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் இடாவிட்டால், அது பெரிய எழுத்தாக மாறிவிடும். எலியாஸை உருவாக்கும் நேரத்தில் அது சுட்டும் வரிசை இருக்கிறதா என்று மென்பொருள் பார்ப்பதில்லை. திறக்கும்போதுதான் தேடுகிறது. ஆகவே கட்டளை பிழையின்றி முடிந்தது என்பதை நம்பி இருந்துவிட முடியாது.

மேற்கோள் குறி இட்டுத் திருத்தியதும் நானாவின் பரீட்சை சரிவந்தது. ஆனால் சம்பள நிரலை ஓடவிட்டபோது 2035 வந்தது. அதற்கு அனுமதி இல்லை என்று பொருள். அந்த நிரலின் கணக்குக்கு உண்மையான வரிசையில் அனுமதி இருந்தது, எலியாஸில் இல்லை. எம்.கியூ. அனுமதியைப் பார்ப்பது நிரல் எந்தப் பெயரைச் சொல்லித் திறக்கிறதோ அந்தப் பெயரில். எலியாஸுக்கு அனுமதி கொடுத்ததும் செய்திகள் போகத் தொடங்கின.

இன்னும் இரண்டை என் கொப்பியில் குறித்துக்கொண்டேன். ஒரு எலியாஸ் இன்னொரு எலியாஸைச் சுட்டினால் 2001 வரும். பட்டப்பெயருக்குப் பட்டப்பெயர் செல்லாது. செய்தி போடுவது தடுக்கப்பட்டிருந்தால் 2051 வரும். அப்போது எலியாஸ், உண்மையான வரிசை இரண்டையும் பார்க்க வேண்டும்.

காலையில் உம்மா கேட்டார்: "ராவெல்லாம் ரெண்டு பேரும் என்ன பார்த்தீங்க?"

"ஒரு எழுத்துப் பிழை உம்மா" என்றார் நானா. "தங்கச்சிதான் கண்டுபிடிச்சா."

பெண் பிள்ளைக்குக் கணினிப் பாடம் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த உம்மா, அன்று எதுவும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.