குடிபோதை அல்ல, சர்க்கரை இறக்கம்!

தஞ்சாவூர்,–
குறுவை நடவு வயலில் நிற்கிற வாலிபர் திடீரென்று தள்ளாடுகிறார். உடம்பெல்லாம் குப்பென்று வியர்வை. கை நடுக்கம். பேச்சு குழறுகிறது. "பட்டப்பகல்லயே தண்ணி போட்டுட்டான்யா!" என்று சொல்லிவிட்டு எல்லாரும் நகர்ந்து விடுகிறார்கள்.

அவர் இன்சுலின் ஊசி போடுகிறவராக இருந்தால், அந்தப் பேச்சு உயிருக்கே உலை வைத்துவிடும்!

உடம்பு உழைக்கும்போது தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக் கொள்கின்றன. மற்றவர்களுக்கு இன்சுலின் சுரப்பது தானாகக் குறையும். ஊசியில் ஏற்றிய இன்சுலினை யார் திரும்ப எடுப்பது? சர்க்கரை 70-க்குக் கீழே சரிகிறது. பகலில் உழைத்தவருக்கு நடுராத்திரியிலும் இறங்கலாம். பலருக்குத் தெரியாத சங்கதி இது.

அப்படியானால் ஓடியாடவே கூடாதா? யார் சொன்னது? பாகிஸ்தான் வேகப்பந்து வீரர் வாசிம் அக்ரமுக்கு 1997-ல் இந்த நோய் தெரிந்தது. ஊசி போட்டுக்கொண்டே 2003 வரை பந்து வீசினார். ஒருநாள் போட்டிகளில் 502 விக்கெட்டோடுதான் ஓய்ந்தார்!

வேலைக்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே என்றால் சாப்பிட்ட பிறகே இறங்கணும். 250-க்கு மேல் ஏறி, சிறுநீரில் கீட்டோனும் இருந்தால் அன்று ஓய்வுதான். சைக்கிள் மிதிக்கப் போகிறவர் தொடையில் ஊசி போடாமல் வயிற்றில் போடுவது நல்லது. ஊசி அளவைக் குறைப்பது டாக்டரைக் கேட்டு!

தள்ளாடுகிறவருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். "சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையா?" என்று தயங்க வேண்டாம். டீக்கடையில் கிடைக்காததா? 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள்.