நினைவுப்பொருள் தரும் ஆங்கில வினைகளும் மரபுத்தொடர்களும்: ரஷ்ய மொழியினர் கற்றலில் எழும் இடர்ப்பாடுகள்

முன்னுரை

நினைவு என்பது மாந்தர் அனைவர்க்கும் பொதுவான மனச்செயல். ஆயினும் அதனைச் சொல்லாக்கும் முறை மொழிக்கு மொழி வேறுபடுகிறது. ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலம் கற்கையில், நினைவுப்பொருள் தரும் வினைகளிலும் மரபுத்தொடர்களிலும் பிழைபட இவ்வேறுபாடு காரணமாகிறது. அப்பிழைகளின் தோற்றுவாயை இலக்கண நோக்கில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினைப்பாகுபாடு

ரஷ்ய மொழியில் 'போம்னித்' என்பது நினைவில் கொண்டிருத்தலைக் குறிக்கும். இதனோடு முன்னொட்டுகள் சேர, 'வ்ஸ்போம்னித்' நினைவுகூர்தலையும், 'ஸபோம்னித்' மனத்தில் பதித்தலையும், 'நபோம்னித்' பிறர்க்கு நினைவூட்டுதலையும் உணர்த்தும். தமிழில் நினைவிருத்தல், நினைவுகூர்தல், நினைவூட்டல் எனப் பிரிவதை இஃது ஒத்ததாகும். ஆங்கிலத்திலோ முதல் மூன்றற்கும் 'ரிமெம்பர்' என்னும் ஒரு வினையே பெரிதும் வழங்குகிறது. நான்காவதற்கு 'ரிமைண்ட்' எனும் வேறு வினை வேண்டும். 'எனக்கு நினைவூட்டு' என்னுமிடத்தில் 'ரிமெம்பர் மீ' என்று கூறின், 'என்னை மறவாதே' என்று பொருள் திரிந்துவிடும்.

வேற்றுமையும் முன்னிடைச்சொல்லும்

'நபோம்னித்' வினை நினைவூட்டப்படுபவரைக் கொடை வேற்றுமையில் ஏற்கும். ஆங்கிலத்தில் அவர் நேர் செயப்படுபொருளாவார். இதனால் 'ரிமைண்ட் டு மீ' என்னும் பிழை தோன்றுகிறது. ஒருவர் தம் தந்தையை ஒத்திருக்கிறார் என்று கூறுகையில், ரஷ்யத்தில் தந்தை என்னும் சொல் முன்னிடைச்சொல் இன்றிச் செயப்படுபொருள் வேற்றுமையில் நிற்கும். ஆங்கிலத்தில் 'ஆஃப்' இன்றியமையாதது. அதனை விடுத்தல் மற்றொரு பிழையாகும்.

வினைத்தொடர்பு வடிவங்கள்

'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்பது கதவைப் பூட்டிய நிகழ்வு நினைவில் உள்ளதைக் காட்டும். 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்' என்பது பூட்டவேண்டிய கடமையை மறவாது செய்தமையைக் காட்டும். ரஷ்யத்தில் முன்னது 'எவ்வாறு' எனப் பொருள்படும் 'கக்' என்னும் சொல்லால் தொடங்கும் துணைத்தொடராகவும், பின்னது பெரும்பாலும் 'மறக்கவில்லை' என்னும் எதிர்மறை வினையாலும் அமையும். 'கக்' என்பதனை 'ஹவ்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், பூட்டிய நிகழ்வைவிடப் பூட்டிய விதமே முதன்மை பெறக்கூடும்.

மரபுத்தொடர்கள்

மனப்பாடம் செய்தலை ஆங்கிலம் இதயத்தோடு இணைத்து 'பை ஹார்ட்' என்கிறது. ரஷ்யச் சொல்லான 'நைஸூஸ்த்' வாயைக் குறிக்கும் பழஞ்சொல்லை உள்ளடக்கியது. 'என் நினைவு சரியானால்' என்னும் பொருளில் ஆங்கிலம் நினைவு 'பணிபுரிவதாக' உடன்பாட்டில் கூறும். ரஷ்யம் நினைவு 'துரோகம் செய்யாவிடின்' என எதிர்மறையில் கூறும். மறந்துபோன செய்தி ரஷ்யத்தில் 'தலையிலிருந்து பறந்துவிடும்'. ஆங்கிலத்தில் 'இட் ஸ்லிப்ட் மை மைண்ட்' என வழுவிச் செல்லும். இத்தொடரில் முன்னிடைச்சொல் வாராது. 'மை' என்னும் உடைமைச்சொல் கட்டாயம் வரும். ரஷ்யத் தொடரில் முன்னிடைச்சொல் உண்டு, தலைக்கு உடைமைச்சொல் வேண்டுவதில்லை. ஆதலின் கற்போர் ஒன்றைக் கூட்டியும் மற்றொன்றைக் குறைத்தும் தவறுகின்றனர்.

முடிவுரை

மேற்கண்ட பிழைகள் சொல்வளக் குறைவால் மட்டும் எழுவன அல்ல. தாய்மொழியின் வேற்றுமை அமைப்பும் வினைப்பாகுபாடும் இலக்குமொழியில் ஏற்றப்படுவதே அவற்றின் அடிப்படை. எனவே வினைகளைத் தனிச்சொற்களாகக் கற்பியாது, அவை ஏற்கும் பெயர், முன்னிடைச்சொல், எச்ச வடிவம் ஆகியவற்றோடு முழுத்தொடராகக் கற்பித்தல் பயன்தரும்.