பாலில் ஒளியும் சர்க்கரை

பெங்களூரு அடுகோடியில், இரைச்சல் ஓயாத ஓசூர் சாலையோரம், கால்நடைகளுக்கும் பாலுக்கும் என்றே ஒரு வளாகம் இருக்கிறது. 1923இல் தொடங்கிய நிலையம் அது. 1927இல் காந்தி பசு வளர்ப்பின் நுணுக்கங்களைக் கற்றுக்கொள்ள இங்கே வந்தார். 1955இல் தலைமையகம் கர்னாலுக்கு இடம்பெயர்ந்த பிறகும், தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக அது இயங்கி வருகிறது.

இப்படிப்பட்ட இடங்களில் பாலைச் சோதிப்பவர்களுக்குப் பழகிப்போன மோசடி ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றிய பாலில் கொஞ்சம் குளுக்கோஸைக் கரைத்துவிட்டால் குறைந்துபோன அடர்த்தி திரும்பிவிடும்; லாக்டோமீட்டர் ஏமாந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லித்தரும் எளிய வழிகளில் ஒன்று மருந்துக் கடையிலிருந்து வருகிறது. நீரிழிவு உள்ளவர்கள் சிறுநீரில் சர்க்கரை பார்க்கப் பயன்படுத்தும் பட்டையைப் பாலில் அரை நிமிடம் நனைக்க வேண்டும். நிறம் மாறினால் குளுக்கோஸ் கலந்திருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனை கொஞ்சம் நின்று யோசிக்க வைப்பது. பாலில் இயல்பாகவே சர்க்கரை உண்டு. லிட்டருக்கு ஏறக்குறைய 48 கிராம் லாக்டோஸ். குளுக்கோஸும் காலக்டோஸும் கைகோத்து நிற்கும் மூலக்கூறுதான் லாக்டோஸ். அந்தப் பெருங்கூட்டத்தில் தனியாகத் திரியும் குளுக்கோஸை மட்டும் ஒரு காகிதப் பட்டை எப்படி அடையாளம் காண்கிறது? பட்டையில் தடவியிருக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலை அது. வெங்காயத் தோலில் கறுப்புப் பொடியாகப் படியும் ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சையிலிருந்து எடுக்கப்படும் புரதம். குளுக்கோஸைத் தவிர வேறெந்தச் சர்க்கரையையும் அது ஏறக்குறைய ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

1962இல் அமெரிக்காவில் லீலாண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் இதே நொதியை ஒரு மின்முனையின் மேல் பொருத்தும் யோசனையை முன்வைத்தார்கள். நொதி குளுக்கோஸைச் சிதைக்கும்போது ஆக்சிஜன் செலவாகிறது. எவ்வளவு செலவாகிறது என்பதை மின்முனை சொல்லிவிடும். இன்று வீட்டில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சுகர் பார்க்கும் கருவிகளெல்லாம் அந்த யோசனையின் வாரிசுகள்தாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அப்படியானால் அந்தப் பூஞ்சைப் புரதத்தை நம்பி எத்தனை வீடுகள் இருக்கின்றன!

ஆனால் புரதம் புரதம்தான். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. பெரும்பாலான ஸ்ட்ரிப் டப்பாக்களில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், மூடியை உடனே மூடுங்கள் என்று அச்சடித்திருப்பது இதனால்தான். மே மாதத்து வேலூரிலோ ராய்ச்சூரிலோ ஓட்டு வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பாவுக்கு இந்த அறிவுரையை யார் சொல்வது? நொதியே இல்லாமல் வெறும் உலோகத்தைக் கொண்டு குளுக்கோஸை அளக்க முடியாதா என்று வேதியியலாளர்கள் தேடுவதற்கு விலையும் ஒரு காரணம், வெயிலும் ஒரு காரணம்.

உலோகத்தால் சர்க்கரையைக் கண்டுபிடிப்பது புதிதல்ல. பள்ளி ஆய்வகத்தில் பெனடிக்ட் கரைசலைச் சூடாக்கியவர்களுக்கு அது நினைவிருக்கும். ஐந்து மில்லி நீலக் கரைசல், எட்டுச் சொட்டுச் சிறுநீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு. சர்க்கரை இருந்தால் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், அதிகமிருந்தால் செங்கல் நிறத்தில் வண்டல் இறங்கும். காரக் கரைசலில் இருக்கும் செம்புக்குச் சர்க்கரை எலக்ட்ரானைக் கொடுப்பதால் வரும் நிறம் அது. நீரிழிவு உள்ளவர்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. நொதியில்லா மின்வேதி உணரி, விளக்கையும் குழாயையும் எடுத்துவிட்டு, அதே எலக்ட்ரான் பரிமாற்றத்தைக் கம்பி வழியே எண்ணிப் பார்க்கிறது.

நிக்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காரக் கரைசலில் மின்னழுத்தம் கொடுத்தால் நிக்கலின் மேற்பரப்பு ஆக்சிஜன் கூடிய ஒரு வடிவத்துக்கு மாறுகிறது. அருகில் வரும் குளுக்கோஸிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. மின்னழுத்தம் அதை மறுபடி தயார்செய்கிறது. எவ்வளவு குளுக்கோஸோ அவ்வளவு மின்னோட்டம். இந்தச் சுழற்சியை ஃபிளைஷ்மன், கோரினெக், பிளெட்சர் மூவரும் 1971இலேயே விளக்கிவிட்டார்கள். அதன் பிறகு நிக்கலையும் செம்பையும் நானோ கம்பி, நானோ மலர், நுரை என்று விதவிதமாக வடித்து எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம்.

இந்த உணரிகள் ஏன் கடைக்கு வரவில்லை? காரம்தான் முதல் முட்டுக்கட்டை. இந்தச் சோதனைகளில் பல பி.எச். 13 அளவிலான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நடப்பவை. ரத்தத்தின் பி.எச். 7.4. இடைவெளி சின்ன எண்ணாகத் தெரியலாம். காரத்தன்மையில் அது கிட்டத்தட்ட நான்கு லட்சம் மடங்கு. பிளாட்டினம் ரத்தத்தின் பி.எச். அளவிலேயே வேலை செய்யும், ஆனால் மெதுவாக. போதாக்குறைக்கு, ரத்தத்தில் குளுக்கோஸைப் போல இருபது மடங்கு இருக்கும் குளோரைடு அயனிகள் அதன் மேற்பரப்பில் இடம்பிடித்துக்கொள்கின்றன.

அதே அடுகோடியில், இன்னமும் பழையவர்கள் மைக்கோ என்று சொல்லும் பாஷ் நிறுவனம் இருக்கிறது. கார்ப் புகையில் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா உணரியை 1976 முதல் பெருமளவில் தயாரிக்கும் நிறுவனம் பாஷ். பிளாட்டின மின்முனை கொண்ட, நொதியற்ற மின்வேதி உணரிதான் அதுவும். புகையில் ஆக்சிஜனைத் தேடுவது எளிது. ரத்தம் அப்படியல்ல: யூரிக் அமிலம், வைட்டமின் சி, விழுங்கிய பாராசிட்டமால் எல்லாமே எலக்ட்ரானைக் கொடுக்கத் தயாராக நிற்கும். பெனடிக்ட் கரைசலும் வைட்டமின் சியைச் சர்க்கரை என்று நம்பி நிறம் மாறியதுண்டு.

இந்த இடத்தில் பால் ஒரு கண்டிப்பான தேர்வாளர். காரத்தில் நிற்கும் செம்பு மின்முனையைப் பாலில் வைத்தால் லாக்டோஸும் எலக்ட்ரானைக் கொடுக்கும். மோசடிக்காரர் கலந்த குளுக்கோஸ் அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போகும். குளுக்கோஸ் பொடியை மட்டும் கரைத்த தெளிந்த நீரில் ஓர் உணரி எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அதை வைத்து அதன் தகுதியை முடிவுசெய்யக் கூடாது. பாலிலோ ரத்தத்திலோ போட்டுப் பார்க்க வேண்டும்.

சில வழிகள் அழகாகவே திறந்திருக்கின்றன. 2003இல் கொரியாவின் செஜின் பார்க், டேக் டோங் சங், ஹீ சான் கிம் மூவரும் பிளாட்டினத்தை மிக நுண்ணிய துளைகளோடு வளர்த்தார்கள். வைட்டமின் சி போன்றவை வேகமாக வினைபுரிபவை. துளையின் வாசலிலேயே தீர்ந்துவிடும். மந்தமான குளுக்கோஸோ உள்ளே வரை போய் முழுப் பரப்பையும் பயன்படுத்திக்கொள்ளும். மந்தம் என்ற குறையையே அவர்கள் அடையாளமாக மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு வழி, நொதிக்குப் பதில் சிறிய மூலக்கூறைப் பிடிமானமாக வைப்பது. போரானிக் அமிலம் சர்க்கரையின் அடுத்தடுத்த ஹைட்ராக்சில் கைகளைப் பற்றிக்கொள்ளும். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எவர்சென்ஸ் என்ற, தோலுக்கடியில் பொருத்தும் உணரி இதைக் கொண்டே இயங்குகிறது. அங்கே மின்னோட்டத்துக்குப் பதில் ஒளிர்வை அளக்கிறார்கள். மின்னோட்டத்தையே அளக்கும் வழியில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நவகாந்த பட், கையடக்க மின்வேதிக் கருவி ஒன்றை உருவாக்கும் ஆய்வை நடத்தி, பாத்ஷோத் நிறுவனத்தின் வழியே அதை வெளியே கொண்டுவந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, சிறுநீரில் கசியும் அல்புமின் போன்றவற்றை அது பார்க்கிறது. உயிரி உணரிகளுக்கும் வாயு உணரிகளுக்குமாக 2018இல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

நொதியும் சில நேரம் தவறும். பிக்யூக்யூ என்ற துணைப்பொருளோடு இயங்கும் ஒரு வகை நொதி ஸ்ட்ரிப்புகள் மால்டோஸைக் குளுக்கோஸாக எண்ணிக்கொண்டன. வயிற்று வழி டயாலிசிஸ் திரவத்தில் உள்ள ஒரு பொருள் உடலில் மால்டோஸாக மாறும். கருவி உயர்ந்த எண்ணைக் காட்ட, தேவையில்லாத இன்சுலின் போடப்பட்டது. இப்படி 13 மரணங்கள் பதிவானதாக 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பெரியவர் ஒருவர் உடலில் ஓடும் ரத்தம் முழுவதிலும் உள்ள குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி அளவுதான். அதை அளப்பதில் பிழைக்கு இடமில்லை.

வீட்டுக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 15197 விதி 2013இல் இறுக்கப்பட்டது. 100 அளவீடுகளில் குறைந்தது 95, ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராமுக்குள். குறுக்கிடக்கூடிய 24 பொருள்களையும் கலந்து பார்க்க வேண்டும். நொதியோ நிக்கலோ, எதை நம்பி வரும் கருவிக்கும் அதே பட்டியல்தான். பாராசிட்டமால் அதில் இருக்கிறது, வைட்டமின் சி இருக்கிறது, யூரிக் அமிலம் இருக்கிறது, மால்டோஸ் இருக்கிறது. லாக்டோஸின் மறுபாதியான காலக்டோஸும் இருக்கிறது.