கோடையிலேயே பாஸ்புக்கைப் பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் எங்கள் மாணவர்கள் பலர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார்கள். கல்லூரிச் செலவுக்குச் சேர்க்கத்தான். ஆனால் வாரச் சம்பளம் பழகிவிட்டால் சிலர் கல்லூரிப் பக்கமே வருவதில்லை. அவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. இரண்டிலும் மாதம் 1000 ரூபாய், படிப்பு முடியும்வரை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் உண்டு. வருமான வரம்பு கிடையாது. (வருமானச் சான்றுக்கு அலைந்த பெற்றோருக்கு இதன் அருமை தெரியும்.) பட்டயப் படிப்பும் ஐ.டி.ஐ.யும் சேரும்; தொலைநிலைக் கல்வி சேராது. வேறு உதவித்தொகை பெறுவதும் தடையில்லை. 1000 ரூபாயில் எல்லாச் செலவும் அடங்காது. நோட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டில் கையேந்த வேண்டியதில்லை.

விண்ணப்பிப்பது கல்லூரி வழியாக. ஆனால் பணம் நின்றுபோகும் காரணங்கள் பள்ளியிலேயே தொடங்குகின்றன. தொகை மாணவரின் சொந்தக் கணக்குக்கே செல்லும். அப்பாவின் கணக்கு உதவாது. கணக்கு இருந்தால் மட்டும் போதாது, ஆதார் இணைந்திருக்க வேண்டும். இரண்டு கணக்குகள் இருந்தால் கடைசியாக ஆதார் இணைத்ததற்கே பணம் போகும். பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் எமிஸ் பதிவிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மதிப்பெண் பட்டியல் வாங்கும் நாளில் பாஸ்புக்கையும் ஆதாரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வேலைக்குப் போன பிள்ளைகளும் அன்று வந்துவிடுவார்கள்.