சி.இ.ஓ. கிளம்பினாரு, கேமர்கள் கொண்டாடினாங்க... ஷேர் வச்சிருந்தவங்களுக்கு என்ன ஆச்சு?



2023 டிசம்பர் 29. கால் ஆஃப் டியூட்டி, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், டயாப்லோ, கேண்டி க்ரஷ் இதையெல்லாம் கையில வச்சிருந்த ஆக்டிவிஷன் பிளிஸர்டு கம்பெனியில பாபி கோட்டிக்குக்கு அதுதான் கடைசி நாள். 30 வருஷத்துக்கும் மேல அந்த நாற்காலியில இருந்த மனுஷன். அவர் போறார்ங்கிற செய்தி வந்ததும் கேமர்கள் கிட்டத்தட்ட தீபாவளி மாதிரி கொண்டாடினாங்க. மீம்ஸ் பறந்துச்சு. அந்தக் கம்பெனியில வேலை பார்த்தவங்களே சிலர் அவரைப் பத்தின கசப்பான அனுபவங்களை வெளிப்படையா எழுதினாங்க.

ஆனா அதே மனுஷனை நம்பி 10 வருஷம் ஷேரைக் கையில வச்சிருந்தவங்களுக்குப் போட்ட பணம் ஏறக்குறைய 7 மடங்கா ஆகியிருந்துச்சு.

ஒரே ஆள். விளையாடுறவங்க பார்வையில வில்லன், ஷேர் வச்சிருந்தவங்க பார்வையில வேற மாதிரி. ஒரு கம்பெனியில தலைவர் மாறினா முதலீட்டாளர் எதைப் பார்க்கணும், எதைக் கண்டுக்காம விடணும்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடைக்காது. வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

யார் இந்த கோட்டிக்?

1990 கடைசியில கோட்டிக்கும் அவரோட பார்ட்னர் பிரையன் கெல்லியும் சேர்ந்து, திவாலாகுற நிலைமையில இருந்த ஒரு கேம் கம்பெனியோட கிட்டத்தட்ட கால்வாசிப் பங்கை வாங்கினாங்க. அப்போ அதுக்கு மீடியாஜெனிக்னு பேரு. 1991ல கோட்டிக் சி.இ.ஓ. ஆனார். ஆக்டிவிஷன்ங்கிற பழைய பேரைத் திரும்பக் கொண்டுவந்தார், கம்பெனியை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாத்தினார்.

அதுக்கப்புறம் மூணு பெரிய முடிவுகள். 2008ல பிளிஸர்டை வச்சிருந்த விவெண்டி கேம்ஸோட இணைப்பு. 2013ல விவெண்டி கையில இருந்த பங்குல பெரும்பகுதியை ஷேருக்கு 13.60 டாலர் விலையில திரும்ப வாங்கினாங்க. 2016ல கேண்டி க்ரஷ் தயாரிச்ச கிங் கம்பெனியை 590 கோடி டாலருக்கு வாங்கி முடிச்சாங்க. வியாபாரியா பார்த்தா கெட்டிக்காரர்தான், அதுல சந்தேகம் இல்ல.

அப்புறம் கேமர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

முதல் காரணம், விளையாட்டையே மெஷின் மாதிரி நடத்தினது. 2005லேருந்து வருஷம் தவறாம ஒரு கால் ஆஃப் டியூட்டி. முழு விலை கொடுத்து கேம் வாங்கின பிறகும், உள்ள திரும்பத் திரும்பக் காசு கேட்கிற சமாச்சாரம். அதுலயும் லூட் பாக்ஸ்னு ஒண்ணு: என்ன வரும்னே தெரியாம காசு கொடுத்துத் திறக்கிற பெட்டி.

ரெண்டாவது, 2019 பிப்ரவரி 12. அன்னிக்கு 2018ம் வருஷத்துக்கான ரிசல்ட் வந்துச்சு. சாதனை வருமானம்னு அறிவிச்சாங்க, டிவிடெண்டையும் 9 சதவீதம் ஏத்தினாங்க. அதே நாள்ல ஊழியர்கள்ல சுமார் 8 சதவீதம் பேரை, அதாவது கிட்டத்தட்ட 800 பேரை வீட்டுக்கு அனுப்பறதாவும் சொன்னாங்க. டிவிடெண்டு வாங்குறவங்களுக்கும் வேலை போனவங்களுக்கும் ஒரே நாள்ல செய்தி. 2020ல கோட்டிக்கோட மொத்தச் சம்பளப் பேக்கேஜ் 15 கோடி டாலரைத் தாண்டுச்சு. அடுத்த வருஷம் சம்பளத்து மேல நடந்த ஓட்டெடுப்புல ஷேர்ஹோல்டர்களே 54 சதவீதம் பேர்தான் ஆதரிச்சாங்க.

மூணாவதுதான் பெருசு. 2021 ஜூலையில கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை ஒண்ணு, பெண் ஊழியர்கள் மேல பாகுபாடும் தொந்தரவும் நடந்ததா வழக்குப் போட்டுச்சு. ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்து போராடினாங்க, கோட்டிக் பதவி விலகணும்னு கேட்டாங்க. அவர் விலகல. 2023 டிசம்பர்ல அந்த வழக்கு சுமார் 5.4 கோடி டாலர் சமரசத்துல முடிஞ்சுது. பரவலான பாலியல் தொந்தரவு நடந்ததா எந்த நீதிமன்றமும் தனி விசாரணையும் உறுதி செய்யலைன்னும் அந்தச் சமரசத்துல எழுதியிருந்தாங்க. ஆனா அதுக்குள்ள கேமர்கள் மனசுல அவர் பேரு கெட்டுப்போச்சு.

இப்போ ஷேர் கணக்கைப் பார்ப்போம்

2013 அக்டோபர்ல கம்பெனியே திரும்ப வாங்கின விலை 13.60 டாலர். 2023 அக்டோபர் 13ல மைக்ரோசாஃப்ட் வாங்கி முடிச்ச விலை 95 டாலர். வருஷத்துக்குச் சுமார் 21 சதவீதம் கூட்டு வளர்ச்சி, டிவிடெண்டு தனி. இது டாலர் கணக்கு.

இதோட கதை முடிஞ்சதுன்னு நினைச்சிடாதீங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க.

- 2021 பிப்ரவரி: 100 டாலரைத் தாண்டி உச்சம்
- 2021 ஜூலை, வழக்குக்கு முன்னாடி: 90 டாலர் பக்கம்
- 2021 டிசம்பர்: 60 டாலருக்கும் கீழ
- 2022 ஜனவரி 18: ஷேருக்கு 95 டாலர், மொத்தம் 6,870 கோடி டாலர் தர்றதா மைக்ரோசாஃப்ட் அறிவிப்பு

வழக்கு மட்டும் காரணம் இல்ல. ஓவர்வாட்ச் 2, டயாப்லோ 4 ரெண்டும் தள்ளிப்போச்சு. ஆனாலும் "நிர்வாகம் எப்படி நடந்தா என்ன, லாபம் வந்தா சரி"ன்னு இருந்தவங்களுக்கு அஞ்சே மாசத்துல மூணுல ஒரு பங்கு பணம் கரைஞ்சுது. உச்சத்துல வாங்கினவருக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த நல்ல விலையிலயும் நஷ்டம்தான்.

ஊழியர்களை மோசமா நடத்துறது லாப நஷ்டக் கணக்குல பல வருஷம் தெரியாது. தெரியும்போது மொத்தமா தெரியும். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

அவர் போனதும் என்ன மாறுச்சு?

கோட்டிக் கிளம்பி நாலு வாரம்கூட ஆகல. 2024 ஜனவரி 25 அன்னிக்கு மைக்ரோசாஃப்ட் தன்னோட கேமிங் பிரிவுல 1,900 பேரை வேலையை விட்டு அனுப்புச்சு. பிளிஸர்டு பல வருஷமா செஞ்சுட்டிருந்த ஒரு சர்வைவல் கேமை அப்படியே நிறுத்திட்டாங்க. டிசம்பர் கடைசியில கொண்டாடின அதே ஆளுங்க ஜனவரி கடைசியில கொதிச்சாங்க.

கால் ஆஃப் டியூட்டி அதுக்கப்புறமும் வருஷா வருஷம் வந்துட்டுதான் இருக்கு. கேம் பாஸ் சந்தாவுல முதல் நாளே கிடைக்குதுன்னு ஒரு சந்தோஷம் வந்துச்சு. ஆனா அமெரிக்காவுல கேம் பாஸ் அல்டிமேட் மாசம் 16.99 டாலர்லேருந்து 2024ல 19.99 ஆச்சு, 2025 அக்டோபர்ல 29.99 ஆச்சு.

முகம் மாறுச்சு. ஆனா பணம் எப்படி வரணும், வருஷத்துக்கு எவ்வளவு வளரணும்ங்கிற எதிர்பார்ப்பு மாறல. 6,870 கோடி டாலர் போட்டவங்க அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கத்தான் பார்ப்பாங்க.

இன்னொரு கம்பெனி: இ.ஏ.

ஃபிஃபா கேம் ஆடினவங்களுக்கு இ.ஏ. பத்திச் சொல்லவே வேண்டாம். 2013 மார்ச் தொடக்கத்துல சிம்சிட்டி வெளியாச்சு. தனியா ஆடினாலும் இன்டர்நெட் கட்டாயம்னு வச்சிருந்தாங்க, சர்வர் தாங்கல, காசு கொடுத்தவங்களால ஆட முடியல. அமெரிக்காவுல ஒரு நுகர்வோர் தளம் நடத்தின ஓட்டெடுப்புல "மோசமான கம்பெனி" பட்டம் இ.ஏ.வுக்கு 2012, 2013 ரெண்டு வருஷமும் கிடைச்சுது.

மார்ச் 18ல சி.இ.ஓ. ஜான் ரிச்சிட்டெல்லோ விலகுறதா அறிவிச்சார். சிம்சிட்டிதான் அவரை வீட்டுக்கு அனுப்புச்சுன்னு கேமர்கள் நினைச்சாங்க. ஆனா அவர் சொன்ன காரணம், நிதி இலக்கை எட்ட முடியலங்கிறதுதான். அப்போ ஷேர் விலை 20 டாலருக்குக் கீழ.

செப்டம்பர்ல ஆண்ட்ரூ வில்சன் வந்தார். கேமர்களுக்கு இவரையும் பிடிக்கல. 2017 நவம்பர்ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்தப்போ பெரிய ஹீரோக்களைத் திறக்கவே பல மணி நேரம் ஆடணும், முன்னேறணும்னா லூட் பாக்ஸ் வாங்கணும்கிற மாதிரி வடிவமைச்சிருந்தாங்க. அதுக்கு ரெட்டிட்ல கம்பெனி கொடுத்த விளக்கத்துக்கு 6 லட்சத்துக்கும் மேல எதிர் ஓட்டு விழுந்து கின்னஸ் சாதனையே ஆச்சு!

ஆனா இந்தத் தடவை கோபம் கல்லாப்பெட்டி வரைக்கும் போச்சு. கேம் வெளியாகுறதுக்கு முந்தின நாள் உள்ள காசு கட்டுற வசதியையே நிறுத்தி வச்சாங்க. 1 கோடி பிரதி விக்கும்னு எதிர்பார்த்தது, 90 லட்சம்தான் வித்துச்சு. அடுத்த வருஷம் அந்த முறையையே மாத்தினாங்க. 2018ல பெல்ஜியம் அரசு லூட் பாக்ஸை சூதாட்டம்னு சொல்ல, அங்க மட்டும் ஃபிஃபா பாயிண்ட் விற்பனையை இ.ஏ. நிறுத்துச்சு.

சி.இ.ஓ. மாறினாரா? இல்ல. வில்சன் அங்கேயே இருந்தார். 2021 மார்ச்ல முடிஞ்ச நிதியாண்டுல அல்டிமேட் டீம் மூலமா மட்டும் 162 கோடி டாலர் வந்துச்சு. 2025 செப்டம்பர்ல சவுதி அரேபியாவோட பி.ஐ.எஃப். உள்ளிட்ட முதலீட்டாளர்கள் ஷேருக்கு 210 டாலர், மொத்தம் 5,500 கோடி டாலர்னு இ.ஏ.வை வாங்க ஒப்பந்தம் போட்டாங்க. 20 டாலருக்குக் கீழ இருந்தது 12 வருஷத்துல 10 மடங்குக்கு மேல.

கவனிச்சீங்களா? "இவரைத் தூக்கு"ன்னு கத்தினதால கேமர்களுக்கு எதுவும் கிடைக்கல. "நாங்க வாங்க மாட்டோம்"னு நின்னப்போதான் கிடைச்சுது.

அப்போ தலைவர் முக்கியமே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. நின்டெண்டோவோட சதோரு இவாட்டாவை எடுத்துக்கோங்க. வீ யூ கன்சோல் சரியா போகாம நஷ்டம் வந்தப்போ, 2014ல தன்னோட சம்பளத்தை அஞ்சு மாசத்துக்குப் பாதியா குறைச்சுக்கிட்டார். ஆளைக் குறைச்சா மிச்சம் இருக்கிறவங்க பயத்தோட வேலை செய்வாங்க, அதுல நல்ல கேம் வராதுங்கிறது அவரோட எண்ணம். 2015 ஜூலையில அவர் இறந்துட்டார். அவர் காலத்துல தொடங்கின ஸ்விட்ச் கன்சோல் 2017 மார்ச்ல வந்து 15 கோடிக்கும் மேல வித்துச்சு.

ஒரு தலைவரோட பலன் பல நேரம் அவர் போன பிறகுதான் தெரியும். நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான். அதனால பதவி மாறின அன்னிக்கு ஷேர் ஏறுறதையோ இறங்குறதையோ வச்சு முடிவெடுக்காதீங்க.

உங்க கையில ஷேர் இருந்தா கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. ஏன் போறார்? இலக்கை எட்டலையா, வழக்கா, கம்பெனி கைமாறுதா, இல்ல வயசாச்சா? அறிக்கையில என்ன எழுதியிருக்குன்னு படிங்க. கடைசி நாலு காலாண்டு ரிசல்ட்டோட சேர்த்துப் படிச்சா உண்மை ஓரளவு பிடிபடும்.

2. வருமானம் வர்ற வழி மாறுதா? புதுசா வர்றவர் அதே வழியில இன்னும் வேகமா ஓடப் போறாரா, இல்ல வழியையே மாத்தப் போறாரா? முதலாவதுன்னா பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீங்க.

3. அவருக்கு எதுக்கு போனஸ்? வருடாந்திர அறிக்கையில இருக்கும். ஒரு வருஷ லாபத்துக்கு மட்டும் போனஸ்னா, அடுத்த வருஷத்தை அடகு வச்சு இந்த வருஷத்தைக் காட்டுவாங்க.

4. வாடிக்கையாளர் கோபப்படுறாரா, விலகுறாரா? திட்டிக்கிட்டே வாங்கினா கம்பெனிக்கு ஆபத்து இல்ல. சத்தமே இல்லாம வாங்குறதை நிறுத்தினா ஓடிப்போய்ப் பாருங்க. பயனாளர் எண்ணிக்கை, விற்பனை எண்ணிக்கை ரெண்டும் இதைக் காட்டிக் கொடுக்கும்.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்கிறீங்களா? ஆக்டிவிஷன், இ.ஏ. ரெண்டுமே வருஷக்கணக்கா நாஸ்டாக் 100 பட்டியல்ல இருந்தவை. அந்த இண்டெக்ஸ் ஃபண்டுல எஸ்.ஐ.பி. போட்ட நம்ம ஆளுங்களுக்கும் அதுல துளியூண்டு பங்கு இருந்திருக்கும். இண்டெக்ஸ் ஃபண்டுன்னா சி.இ.ஓ. செய்திக்காக நீங்க எதுவும் பண்ண வேண்டாம். ஆனா வெளிநாட்டு ஷேரை நேரடியா வாங்கி வச்சிருந்தா, கோபத்துல விக்கிறதுக்கு முன்னாடி வரியைப் பாருங்க. 24 மாசத்துக்கு மேல வச்சிருந்தா லாபத்துக்கு 12.5 சதவீதம், அதுக்குள்ள வித்தா உங்க ஸ்லாப் படி வரி. டாலர் மாத்துற செலவு வேற.

கடைசியா ஒண்ணு. ஒரு கம்பெனி ஊழியர்களை நடத்துற விதம் உங்களுக்குப் பிடிக்கலைன்னா, லாபம் வந்தாலும் அந்த ஷேர் வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. அது முட்டாள்தனம் இல்ல, 2021ல என்ன நடந்துச்சுன்னு மேலயே பார்த்தோம். ஆனா அந்த முடிவை அந்த ஆள் பதவியில இருக்கும்போதே எடுங்க. அவர் போன அன்னிக்கு "இனிமே எல்லாம் சரியாயிடும்"னு ஓடிப்போய் வாங்காதீங்க. விளையாடுறவரா இருந்தாலும் சரி, ஷேர் வச்சிருக்கிறவரா இருந்தாலும் சரி, உங்க பேச்சைவிட உங்க பர்ஸைத்தான் கம்பெனி கவனிக்கும்.

நீங்க ஷேர் வச்சிருக்கிற கம்பெனியில தலைவர் மாறினப்போ என்ன பண்ணீங்க? வித்தீங்களா, வச்சிருந்தீங்களா? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல, வருடாந்திர அறிக்கையில சம்பளப் பகுதியை எப்படிப் படிக்கிறதுன்னு ஸ்கிரீன்லயே காட்டுறேன்.

(இந்தப் பதிவு புரிதலுக்காக மட்டுமே. எந்த ஷேரையும் வாங்கவோ விக்கவோ சொல்லும் பரிந்துரை இல்லை.)